பதினேழாம் நம்பர் பேருந்தும் ஒருநபர் கமிஷனும்

திறந்து நாற்பத்தோரு நாள் கூட ஆகாத தாழையாற்றுப் பாலம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு இடிந்து விழுந்தபோது, அதன் மேல் போய்க்கொண்டிருந்த பதினேழாம் நம்பர் பேருந்து மட்டும் விழவில்லை. மூன்றாவது தூணும் அதன் இரண்டு பக்கத்துத் தளங்களும் ஆற்றின் பாறைப் படுகையில் நொறுங்கிக் கிடக்க, பேருந்து இரண்டு பனை உயரத்தில், சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல், எந்த இடத்தில் போய்க்கொண்டிருந்ததோ அந்த இடத்திலேயே நின்றது. உள்ளே டிரைவர், கண்டக்டர் இசக்கிப்பாண்டி, ஒன்பது பயணிகள் என்று பதினோரு பேர் இருந்தார்கள். நாங்கள் கரையில் கூடி, இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று உச்சி வெயில் வரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அதற்கு மேல் யாராலும் அப்படி நிற்க முடியவில்லை. கூட்டத்தில் யாரோ, "மேல இருக்கவங்க காலைல என்ன சாப்பிட்டாங்களோ" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு எங்கள் ஊர் அந்தப் பேருந்தை ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது. ஏணி எட்டியது, ஆனால் ஏறிய வீரருக்குக் கடைசி ஒரு கை தூரம் தீரவே இல்லை, அரை மணி நேரம் ஏறிவிட்டு வியர்த்துப்போய் இறங்கி வந்தார். மேலிருந்து படியில் கால் வைத்தவர்களைக் காற்று மெல்ல உள்ளே தள்ளிவிட்டது. கயிறு மட்டும் போனது, வந்தது. அதனால் நின்றுகொண்டிருந்த இரண்டாவது தூணின் தலையில் ஒரு கப்பி கட்டி, தூக்குவாளியில் சோறும் குழம்பும் ஏற்றினோம், அழுக்குத்துணி இறக்கினோம், வெளுத்து ஏற்றினோம். பயணிகளில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், அவருக்குப் பரீட்சைத் தாள்கள் ஏறி, திருத்தப்பட்டு இறங்கின. நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் நாள் மேலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்த இடம் என்று எழுத வேண்டிய கட்டத்துக்கு நேராக என்ன எழுதுவது என்று தெரியாமல் கிராம நிர்வாக அலுவலர் இரண்டு வாரம் தாலுகா ஆபீசுக்கு நடந்து, கடைசியில் இல்லாத பாலத்தின் பெயரையே எழுதினார். போக்குவரத்து டிப்போவிலிருந்து இசக்கிப்பாண்டிக்கு, டிரிப் ஷீட்டை இன்னும் ஏன் ஒப்படைக்கவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதையும் வாளியில் வைத்து ஏற்றினோம், அவன் விளக்கம் எழுதி இறக்கினான்.

இசக்கிப்பாண்டியின் மனைவி பேச்சித்தாய் அதே பாலத்தில் சித்தாளாக மூன்று வருஷம் மண்ணும் கல்லும் சுமந்தவள். அவள் தினமும் காலையில் வாளியை ஏற்றிவிட்டு, கீழே பாறையில் நின்றுகொண்டு, அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரலில் புருஷனிடம் எல்லாக் கதையும் சொல்வாள். ஆடு குட்டி போட்டது, கூரையில் ஓடு விலகியது, அவன் தங்கை கோபித்துக்கொண்டு போனது, திரும்பி வந்தது, ஒன்றும் பாக்கி இருக்காது. அவன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "ம், பெறவு?" என்பான். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பன்னிரண்டாம் நாள் அரசு ஒருநபர் விசாரணைக் கமிஷனை அமைத்து ஆணை வெளியிட்டது. கமிஷன் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பஞ்சம் முடிந்த பிறகு, ஜனங்கள் எதைத் தின்று உயிரோடு இருந்தார்கள் என்று விசாரிக்க ஒரு துரை குதிரையில் வந்து, கற்றாழைக் குருத்து, எறும்புப் புற்றிலிருந்த அரிசி என்று சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிப் புத்தகமாக அச்சடித்தாராம். அடுத்த பஞ்சத்தில் இன்னொரு துரை அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு தெருக்களுக்கு இடையே நடந்த கலவரத்துக்கு ஒரு கமிஷன் வந்தது. அது ஒற்றுமைப் பூங்கா கட்டச் சொன்னது. பூங்காவின் கேட் மட்டும் இன்றும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறது, ஆடுகள் அதன் வழியாகவே போய் வருகின்றன. ஆகவே கமிஷன் என்றதும் எங்களுக்குப் பெரிய நம்பிக்கையும் வரவில்லை, பெரிய வெறுப்பும் வரவில்லை. பந்தல் போட இடம் பார்த்தோம்.

வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி அருமைநாயகம். அறுபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற பழக்கம். முதல் நாள் ஒன்றியக் கல்யாண மண்டபத்தில் அவர் தன் அதிகாரங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் யாரையும் அவர் கூப்பிடலாம். எந்த அலுவலகத்திலிருந்தும் எந்தக் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லலாம். சத்தியம் செய்யவைத்துக் கேட்கலாம். அவ்வளவுதான். யாரையும் உள்ளே தள்ள முடியாது, யாருக்கும் எதையும் உத்தரவிட முடியாது, கண்டுபிடித்ததை எழுதி அரசிடம் கொடுக்கலாம், அரசுக்கு மனம் இருந்தால் செய்யும்.

"அப்போ ஒங்களுக்கு என்னதான் அதிகாரம்யா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கேட்கிற அதிகாரம்" என்றார் நீதிபதி.

"பஸ்ஸ எறக்க?"

"பாலம் விழுந்த காரணத்தைத்தான் என்னை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேருந்து என் விசாரணை வரம்பில் வரவில்லை." இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் வழியாகப் பேருந்தைப் பார்த்தார், கால் இன்னும் வேகமாக ஆடியது.

கேட்டார், நன்றாகத்தான் கேட்டார். ஆறு மாதத்தில் தொண்ணூறு சாட்சிகள். பாலத்தைக் கட்டிய காண்ட்ராக்டர் மந்திரமூர்த்தி, வரைபடம் போட்டவர்மேல் கை காட்டினார். வரைபடம் போட்டவர் மேற்பார்வை என்ஜினியர்மேல். என்ஜினியர் சிமெண்ட் கொடுத்த கம்பெனிமேல். கம்பி கட்டியவர் மேஸ்திரிமேல், மேஸ்திரி காண்ட்ராக்டர்மேல். இருபத்து மூன்றாம் சாட்சியாகப் பேச்சித்தாயும் ஏறினாள். "தூணுக்குள்ளே என்ன போட்டார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டதற்கு, "மேஸ்திரி சொன்னதச் செஞ்சோம், நாங்க என்னத்தக் கண்டோம்" என்று சொல்லி இறங்கிவிட்டாள். எல்லோரும் அடுத்தவரைச் சொன்னார்கள். அவரவர் கையால் செய்ததை ஒருவரும் சொல்லவில்லை.

கமிஷனுக்கு அரசு கொடுத்திருந்த ஆறு மாதம் முடிந்தது. அதன் ஆயுளை நீட்டிக்கும் அரசாணை வருவதற்கு மூன்று நாள் தாமதம். முதல் நாள் பேருந்தின் மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தது. இரண்டாம் நாள் உள்ளே இருந்தவர்கள் முன்பக்கம் சரிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், குழந்தை வீறிட்டது. மூன்றாம் நாள் காலையில் பேருந்து ஒரு ஆள் உயரம் சறுக்கென்று இறங்கி, நாங்கள் தலையில் அடித்துக்கொண்டு அலறிய அந்த நேரத்தில் தாசில்தார் ஆபீசில் அரசாணை வந்து சேர, அப்படியே நின்று மட்டமானது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். பேருந்தைத் தாங்கிக்கொண்டிருப்பது கமிஷன். கமிஷன் முடிந்தால் பேருந்தும் முடிந்தது.

அதன்பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது வேறு வழி தோன்றவில்லை. கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு தெருவுக்கு மண்டகப்படி உண்டல்லவா, அதே முறையில் கமிஷனுக்கு மண்டகப்படி போட்டோம். மாதம் ஒரு தெரு, தெருவுக்குக் குறைந்தது மூன்று புது வாக்குமூலம். நோட்டரி வக்கீல் சங்கரநயினார் ராப்பகலாக எழுதித் தள்ளினார். பாலம் விழுவதற்கு முந்தின நாள் ஆற்றுக்குள் உறுமல் கேட்டது என்று கீழத்தெரு சொன்னது, உடனே சென்னையிலிருந்து பூகம்ப நிபுணரை வரவழைத்தார்கள். மூன்றாவது தூணில் நூற்றுக்கணக்கான கொக்குகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன என்று வாணியர் தெரு சொன்னது, பறவை நிபுணர் வந்து கொக்கின் எடையைப் பற்றி இரண்டு நாள் சாட்சி சொன்னார். சொன்னதை மறுத்து இன்னொருவர், மறுத்ததை மறுத்து முதலாமவர், குறுக்கு விசாரணை, மறு விசாரணை. ஆறு மாதம் இன்னொரு ஆறு மாதமாக நீண்டது, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. மண்டபத்து வாசலில் பந்தல் நிரந்தரமானது. அந்தப் பந்தலைப் போட்டுக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மந்திரமூர்த்திதான். கமிஷன் முடியக் கூடாது என்பதில் அவருக்கு எங்களைவிட அக்கறை. அவர் அனுப்பிய வடையைத் தின்றுகொண்டு, அவர் போட்ட பந்தலில், அவர் விரும்பியதையே விரும்பிக்கொண்டு நாங்கள் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தோம். இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்?

பேச்சித்தாய் பந்தல் பக்கமே வரமாட்டாள். ஆற்றுப் படுகையில் இடிந்த மூன்றாவது தூணைச் சுற்றிச் சுற்றி நடப்பாள், குனிந்து எதையாவது எடுத்துப் பார்ப்பாள், போட்டுவிடுவாள். நீதிபதிக்கும் உட்கார முடியாமல் போய்விட்டது. விசாரணை இல்லாத நேரத்தில் அவரும் அங்கேதான் நடந்தார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாகப் பாறைமேல் நடப்பதை மேலிருந்து இசக்கிப்பாண்டி பார்த்துக்கொண்டிருப்பான். "ஐயா, ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சிராதீய" என்று ஒருநாள் மேலிருந்து சத்தம் போட்டான். அந்த மனுஷனுக்கு நாலு வருஷத்திலும் கேலி குறையவில்லை, அதுதான் அவளை இன்னும் வதைத்தது என்று நினைக்கிறேன்.

நாலாம் வருஷம் பங்குனியில், எங்கள் வாத்தியார் தெருவைச் சேர்ந்த சாட்சி ஒருவர், பாலத்துக்கு அடியில் பாய்மரக் கப்பல் ஒன்று போனதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். முழங்கால் தண்ணீர் கூட இல்லாத ஆறு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். "நீங்கள் பொய் சொல்வது ஏன் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக நானும் அதைத்தானே பார்க்கிறேன். ஆனால் நான் கேட்க வந்தவன். நாலு வருஷமாக எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே."

அதைக் கேட்டு எங்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டோம். மேலிடத்துக்கும் அலுத்துவிட்டது போலும். வைகாசியில் அரசாணை வந்தது. இதுவே இறுதி நீட்டிப்பு, ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு கமிஷனின் ஆயுள் முடிகிறது, இதற்கு மேல் எக்காரணம் கொண்டும் நீட்டிப்பு இல்லை.

ஊர் அதன்பிறகு உறங்கவில்லை. ஒரு கூட்டம் வைக்கோல் வண்டிகளைக் கொண்டுவந்து பேருந்துக்கு நேர் கீழே பாறைமேல் கொட்டியது, மீன்வலைகளைக் கட்டியது, மெத்தைகளைப் போட்டது. ஒரு கூட்டம் மந்திரியைப் பார்க்கச் சென்னைக்குப் போய்ப் பார்க்காமலேயே திரும்பியது. மேலே இருந்த பெண், காற்றில் பிறந்து மண்ணையே தொட்டிராத தன் மகளுக்கு, நிலத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று பேருந்தின் நடைபாதையில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் வாளியை ஏற்றினாள், ஆனால் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். "என்ன பேச்சி, ஊர்ல ஒண்ணும் நடக்கலையா?" என்று அவன் கேட்டதற்கு, "நடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கடைசி அமர்வை நீதிபதி ஆற்றுப் படுகையில் வைத்தார். நேரடி ஆய்வு என்று அறிவிப்பில் இருந்தது. வைக்கோலுக்குச் சற்றுத் தள்ளிப் பாறைமேல் ஒரு மேஜை, அதன் பக்கத்தில் கமிஷன் செயலாளர், நாலு வருஷமாக ஒரு சொல் விடாமல் எடுத்த சுருக்கெழுத்தர் பாக்கியசீலி, சுற்றிலும் நாங்கள் அத்தனை பேரும், அண்ணாந்தால் பேருந்து. சங்கரநயினார் முப்பது புது வாக்குமூலங்களோடு ஓடிவந்தார். செயலாளர் வாங்க மறுத்தார். நாலரை மணிக்குப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். நாலே முக்காலுக்கு நீதிபதி, "வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். அந்தக் கால் மணி நேரம் முழுக்க அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து அடித்தது. செயலாளர் பதிவேட்டை மூடினார். பாக்கியசீலி பேனா மூடியைத் திருகினாள்.

பேருந்தின் மூக்கு சாய்ந்தது.

மேலிருந்து வந்த அலறலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த அலறலுக்கு நடுவில்தான் பேச்சித்தாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, நான் சொல்லணும்."

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, ஐந்து மணிக்கு மேல் நான் கமிஷன் இல்லை. இனி உங்களுக்குச் சத்தியம் செய்துவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இவர்களும் எழுத முடியாது. நான் இப்போது வெறும் அருமைநாயகம்."

"அப்போ வெறும் ஆளாவே கேளுங்க" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். கமிஷனாக இல்லாமல் வெறும் ஆளாகக் கேட்டதால்தான், பிறகு அரசுக்குப் போன மூன்று தொகுதி அறிக்கையில், பாலம் விழுந்த காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை என்றே இருக்கிறது. அவள் சொன்ன ஒரு வார்த்தை கூட அதில் இல்லை.

அவள் நீதிபதியைப் பார்த்து ஆரம்பித்தாள், ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள். "மூணாவது தூணு பாதி ஏறயில கலவ பத்தல. ஜல்லியும் இல்ல, சிமிட்டியும் இல்ல. நாளைக்கு அதிகாரி வாராக, இன்னைக்கே ரொப்பணும்னு மேஸ்திரி சொன்னாரு. கரம்ப மண்ணையும் தேங்கா மட்டையையும் சாக்குல கட்டி உள்ள போடச் சொன்னாரு. சொன்னது அவரு. போட்டது நான்."

பேருந்து சாய்வதை நிறுத்தியது.

"பதினாறு சாக்கு. என் தலையில சொமந்து, சாரத்துல ஏறி, என் கையால உள்ள தள்ளுனேன். மத்தவளுக மாட்டேன்னு ஒதுங்கிட்டாளுக. நான் ஒதுங்கல. போடும்போதே எனக்குத் தெரியும், இது தாங்காதுன்னு. பதினேழாம் நம்பரு இது மேலதான் போவும்னும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் பேருந்து ஒரு முழம் இறங்கியது. விழவில்லை, கிணற்றில் வாளி இறக்குவது மாதிரி நிதானமாக இறங்கியது. எங்களுக்கு அது புரிவதற்குள் கூட்டத்தில் யாரோ, "நிறுத்துட்டி, எறங்குது!" என்று கத்தினார்கள். மேலிருந்து இசக்கிப்பாண்டியின் குரல் வந்தது: "அவளப் பேச விடுங்கல!"

அவள் சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. பேருந்து ஒரு பனை உயரத்தில் நின்றது. அப்போது கம்பி கட்டிய ஒருவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நாலு கம்பி போட வேண்டிய இடத்தில் நான் இரண்டுதான் கட்டினேன் என்றார். மேஸ்திரி தரையில் உட்கார்ந்து, மண் போடச் சொன்னது என் வாய்தான் என்றார். பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன் என்று சின்ன என்ஜினியர் ஒருவர் அழுதார். வெறுமனே பந்தலில் உட்கார்ந்திருந்த நாங்களும், கப்பலைப் பார்த்தவரும், கொக்கை எண்ணியவரும், எழுதிக் கொடுத்த சங்கரநயினாரும் அவரவர் செய்ததைச் சொன்னோம், ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காத அளவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அருமைநாயகம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கால் ஆடாமல், கேட்டுக்கொண்டிருந்தார். பேருந்து வைக்கோலுக்கு மேல் வந்ததும், சிலர் ஓடி அதையும் வலைகளையும் மெத்தைகளையும் இழுத்து அப்புறப்படுத்தினார்கள். மந்திரமூர்த்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதைப் பார்த்தோம்.

அதனால் பேருந்து முழுசாக இறங்கவில்லை. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது, இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது, வேண்டுமானால் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு சாண் என்பது யாரும் இறங்கிவிடக்கூடிய உயரம். வாத்தியார் இறங்கினார், டிரைவர் இறங்கினார், குழந்தையை இறக்கிவிட்டதும் அது பாறையின் சூடு பொறுக்காமல் காலைத் தூக்கிக்கொண்டு அழுதது. ஒவ்வொருவராக இறங்க, அவரவர் வீட்டார் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் இறங்க வேண்டும். இசக்கிப்பாண்டி ஒரு காலைப் பாறையில் வைத்தான். இன்னொரு கால் படியிலேயே இருந்தது. பேச்சித்தாய் எதிரில் நின்றாள், கிட்டே போகவில்லை.

"நாலு வருசமா தெனமும் கதை சொன்னியே. ஆடு குட்டி போட்டதுகூடச் சொன்ன. இத ஏன் சொல்லல?"

அவள் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா நீங்க எறங்கி வரவே வேண்டாம்னு நெனச்சிருவியளோன்னு."

அவன் அவளைப் பார்த்தான், உடைந்து கிடந்த தூணைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். வெகு நேரம் அப்படியே நின்றான். பிறகு படியில் இருந்த காலையும் கீழே இறக்கினான், தடுமாறினான்.

"கையப் புடி" என்றான். "காலு மரத்துப் போச்சு."